சாமானியர் பிரதிநிதியின் நாற்காலி

எல்வுட் ஸ்டாம்பர் அறுபத்திரண்டாவது வயதில் முதன்முறையாக வாஷிங்டனுக்கு வந்தது ஒரு கடிதத்தை நம்பித்தான். கடிதத்தை நம்பி ஊர் விட்டு ஊர் போவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் ஓர் அரசாங்கக் குழு அனுப்பிய கடிதத்தை வரிக்கு வரி நம்பி, பதினொரு மணி நேரம் பஸ்ஸில் முட்டி மடக்கி உட்கார்ந்து ஒருவர் வந்தார் என்றால், அவர் மனசு எவ்வளவு சுத்தம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். கென்டக்கி மலைப்பக்கத்தில் பைன் லிக் என்று ஒரு சின்ன ஊர். எல்வுட் அங்கே இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மனைவி ஓபலுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு நாலு வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டிலிருந்து நாலே மைலில் பதினொரு நாற்காலி போட்ட சிறிய நிலையம் ஒன்று இருந்தது. அதை ஆல்மெரிடா என்ற பெரிய கம்பெனி வாங்கியது. வாங்கிய எட்டாவது மாதம், வழுவழுப்பான தாளில் ஓபலுக்கு ஒரு கடிதம் வந்தது.

‘மகிழ்ச்சியான செய்தி! உங்களுக்கான எங்கள் சேவை வட்டத்தை நான்கு மைலிலிருந்து தொண்ணூற்று நான்கு மைலாக விரிவுபடுத்துகிறோம்!’

எல்வுட் அதை மூன்று தடவை படித்தார். நாலாவது தடவைதான், நிலையத்தை அடுத்த ஐந்தாவது மாதக் கடைசியில் இழுத்து மூடப்போகிறார்கள் என்று புரிந்தது.

தொண்ணூற்று நான்கு மைல் என்றால் இரண்டு மலை ஏறி இறங்க வேண்டும். ஒரு நாள் சிகிச்சை தவறினால் ஓபலுக்கு மூச்சு முட்டும். தொடர்ந்து இரண்டு தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. எல்வுட் கம்பெனிக்குப் போன் செய்தார். நாலு மாதமும், காத்திருக்கச் சொல்லிப் போடும் பாட்டுதான் கேட்டது. கடைசியில், பொருளாதார நியாயத்துக்கான சாமானியர் குரல் துணைக்குழு என்று தலைநகரில் ஒரு குழு இருப்பதாக யாரோ சொல்ல, அதற்கு எழுதிப் போட்டார். பதில் வந்தது! ‘அன்புள்ள குடிமகனே, உங்கள் குரலே எங்கள் மூச்சு. சிறு ஊர்களின் சிகிச்சை நிலையங்கள் பற்றி வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அனைவருக்கும் அனுமதி உண்டு. முதலில் வருபவருக்கே முதல் இடம். சாமானியர் ஒருவர் பேசவும் அழைக்கப்படுவார்.’

“சாமானியர் ஒருவர்னு போட்டிருக்கான் பாரு ஓபல். என்னைவிடச் சாமானியன் இந்த மாவட்டத்துலயே கிடையாது” என்றார் எல்வுட்.

“போயிட்டு வா. நர்ஸ் டார்லா அவளோட டேப்லட்டுல கூட்டத்தைக் காட்டறேன்னு சொல்லியிருக்கா. ஊசி குத்திட்டு உக்காந்து பார்த்துட்டே இருப்பேன்” என்றாள் ஓபல். வறுத்த பொலோனா இறைச்சித் துண்டு வைத்து நாலு சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள். பைன் லிக்கில் பஸ் ஏறும்போது மழை. பூட்ஸில் அப்பிய சேற்றோடு எல்வுட் தலைநகரில் வந்து இறங்கினார்.

காலை ஆறே காலுக்கு, விசாரணை நடக்கும் மன்றக் கட்டடத்தின் வாசலுக்கு வந்தவர் அசந்து போனார். அந்த நேரத்துக்கே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். அடேயப்பா, சின்ன ஊர் ஜனங்களின் கஷ்டத்தைக் கேட்க இத்தனை பேரா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பத்தொன்றாவது ஆளாகப் போய் நின்றுகொண்டார்.

அவருக்கு முன்னால், மடக்கு முக்காலி போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். தலையில் ஊதா நிறக் கம்பளித் தொப்பி, கையில் பின்னல் வேலை. பெயர் ரோவீனா.

“யாருக்காக நிக்கறே?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“எனக்காகத்தாங்க.”

“அது சரி, கம்பெனி பேரைச் சொல்லு.”

“கம்பெனியெல்லாம் இல்லைங்க. நானேதான். எல்வுட் ஸ்டாம்பர், கென்டக்கியிலேருந்து வர்றேன்.”

பின்னல் ஊசி நின்றது. அந்த அம்மாள் எல்வுட்டை உச்சந்தலையிலிருந்து பூட்ஸ் வரை பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏய், இங்க பாருங்கடா! இவரு தனக்காகவே வந்து நிக்கறாராம்!”

முப்பது பேரும் திரும்பினார்கள். ஒருவர் கிட்ட வந்து படம் எடுத்துக்கொண்டார்.

“தப்பா நெனைக்காத, கென்டக்கி. பதினேழு வருஷமா இந்த வாசல்ல நிக்கறேன், இப்படி ஒருத்தரைப் பார்த்ததே இல்ல” என்றார் ரோவீனா. “இந்த முப்பது பேர்ல ஒருத்தர்கூட உள்ள போகப்போறதில்ல. ஒன்பதே முக்காலுக்குக் கோட்டு சூட்டு போட்டவங்க கார்ல வந்து இறங்குவாங்க. ஆளுக்கு ஒரு எடத்தை எடுத்துக்குவாங்க. எங்களுக்கு மணிக் கணக்குல கூலி. வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவோம்.”

நம் ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். இங்கே துண்டுக்குப் பதில் ஆளைப் போடுகிறார்கள். இதற்கென்று கம்பெனிகளே இருக்கின்றன. எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது. முதலில் வருபவருக்கு முதல் இடம் என்றுதானே கடிதத்தில் இருந்தது? வருகிறவர் தம் சொந்தக் காலில்தான் வர வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை.

“உள்ள எத்தனை சீட்டுங்க?”

“முப்பது.”

“யாராவது ஒருத்தர் வராம போயிட்டா…”

“காசு குடுத்து எடம் பிடிச்சவன் வராம இருப்பானா? நீ நல்லா பேசறேப்பா” என்று ரோவீனா மறுபடி பின்ன ஆரம்பித்தார்.

ஏழு மணிவாக்கில், இடம்பிடிக்கும் கம்பெனியின் மேற்பார்வையாளர் கார்லைல் என்ற இளைஞர் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாம் இடத்துக்காரருக்குக் காய்ச்சல், வரவில்லை. எல்வுட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“சார், ஒரு சின்ன வேலை இருக்கு, செய்யறீங்களா? மூணாவது எடம்னா சும்மா இல்ல. பார்வையாளர் வரிசை இல்ல அது, சாட்சி மேசையில நாற்காலி. வாடிக்கையாளர் வர்ற வரைக்கும் நீங்க அதுல உக்காந்து சூடா வெச்சிருந்தா போதும்.”

“யாருங்க வாடிக்கையாளர்?”

“ஆல்மெரிடா கம்பெனி.”

எல்வுட்டுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ! “அவங்களுக்கா? அவங்களுக்காக நான் ஒரு நிமிஷம் நிக்கமாட்டேன். என் கால் முறிஞ்சாலும் சரி!” என்று விடுவிடுவென்று நடந்து கட்டடத்துக்குள் போனார். பதிவு மேசை எட்டு மணிக்குத்தான் திறந்தது. அங்கே முத்துமாலை போட்ட ஓர் இளம் அதிகாரி. பெயர் பிரின்லி. சிரித்த முகத்தோடு ஒரு படிவத்தை நீட்டினார்.

‘நீங்கள் யாருடைய பிரதிநிதி?’ என்று கேட்டது படிவம். அதற்குக் கீழே கட்டங்கள். கம்பெனி. கம்பெனிகளின் சங்கம். சங்கங்களின் கூட்டமைப்பு. மற்றவை. எல்வுட் நெடுநேரம் யோசித்து, ‘மற்றவை’யில் குறி போட்டு ‘ஓபல்’ என்று எழுதினார்.

“ஓபல்ங்கறது பதிவு பண்ணின நிறுவனமா சார்?”

“என் சம்சாரம்மா.”

“லாப நோக்கு உள்ளதா, இல்லாததா?”

எல்வுட் இதற்கும் நேர்மையாகவே யோசித்தார். “முப்பத்தெட்டு வருஷத்துல லாபம்னு ஒண்ணும் பார்த்ததில்ல.”

“அப்போ லாப நோக்கற்றது. அதுக்கு வரிவிலக்குச் சான்றிதழ் வேணுமே சார், கொண்டு வந்தீங்களா?”

“அம்மா, இது சாமானியர் குரல் குழுதானே? சாமானியர் ஒருத்தர் பேசலாம்னு உங்க கடிதாசிலயே இருக்கு. நான் சாமானியன். என்னைப் பேச விடுங்க, அது போதும்.”

பிரின்லியின் முகத்தில் உண்மையான பரிதாபம் தெரிந்தது. “சாமானியருக்குன்னு இருக்கறது ஒரே நாற்காலி சார். அது போன வருஷமே பதிவாயிடுச்சு. ஆல்மெரிடாவோட சாமானியர் விவகாரத் துணைத்தலைவர், மிஸ்டர் கிரேஹாம் வெஸ்டர்லேண்ட். ரொம்பத் தங்கமானவர். சாமானியர்களைப் பத்திப் படிச்சுப் பட்டம் வாங்கியிருக்கார்.”

“எங்க நிலையத்தை மூடறதே அவங்கதானேம்மா!”

“அதனாலதான் சார் அவங்களுக்கு விஷயம் முழுசா தெரியும்” என்றார் பிரின்லி. “நீங்க சொல்ல வேண்டியதை இணையதளத்துல எழுதிப் போடுங்க. அறுபது நாளுக்குள்ள கிடைச்சுதுன்னு பதில் வரும்.”

அறுபது நாள்! நிலையத்தை மூட இருப்பதோ பன்னிரண்டு நாள். எல்வுட் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். ஓபலின் முகம் கண்ணுக்கு வந்தது. மானத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு கார்லைலிடம் போனார். கார்லைல் ஒன்றும் கேட்காமல் அவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார். அதில் தங்க நிறத்தில் ஓர் உதயசூரியன், கீழே ‘ஆல்மெரிடா’ என்று கம்பெனியின் பெயர்.

எல்வுட் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதை ரோவீனா பார்த்தார். “வெக்கப்படாத, கென்டக்கி. இந்தக் கட்டடத்துக்குள்ள எல்லாருமே யாரோ ஒருத்தருக்காகத்தான் உக்காந்திருக்காங்க. நமக்கு அட்டை மாட்டி விட்டிருக்காங்க, அவங்களுக்கு மாட்டல. அவ்வளவுதான்.”

எல்வுட் ஒரு சாண்ட்விச்சை அவரிடம் நீட்டினார். ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள்.

ஒன்பதே முக்கால் ஆனது. ரோவீனா சொன்னது அப்படியே நடந்தது. கறுப்புக் கார்கள் வந்தன, கதவுகள் திறந்தன, வாசனை வீசியது. ஐந்து நிமிஷத்தில் கம்பளித் தொப்பிகள் வெளியே, கழுத்துப்பட்டைகள் உள்ளே. வெஸ்டர்லேண்ட் மட்டும் வரவில்லை. கார்லைல் போனில் கத்திவிட்டு ஓடி வந்தார்.

“பக்கத்துக் கட்டடத்துல இன்னொரு கூட்டத்துல மாட்டிக்கிட்டாராம். அங்க சிறு விவசாயிகள் பிரதிநிதி அவர்தான். நீங்க உள்ள போய் உக்காருங்க. எதையும் தொடாதீங்க. யாராவது ஏதாவது கேட்டா தலையை ஆட்டுங்க.”

இப்படியாக, ஒரு சாமானியர், சாமானியர்களின் பிரதிநிதிக்காக, சாமானியர் பிரதிநிதியின் நாற்காலியில் உட்கார்ந்தார். தோல் வைத்துத் தைத்த நாற்காலி. முன்னால் ஒலிவாங்கி, தண்ணீர்க் குவளை, மூன்று சின்ன விளக்குகள். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். எதிரே உயர்ந்த மரமேடையில் ஒன்பது உறுப்பினர்கள். நடுவில் தலைவர், மாண்புமிகு ஹைரம் டால்ரிம்பிள், எழுபத்தொன்பது வயது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

“நண்பர்களே, சாமானியர்னா எனக்கு உயிர். சின்ன வயசுலேருந்தே அவங்களை எனக்குத் தெரியும். எங்க வீட்டுல நாலு பேர் வேலை பார்த்தாங்க. பேரெல்லாம் இப்ப ஞாபகம் வரல. ஆனா அவங்க வறுத்த மீனோட ருசி இன்னும் நாக்குலயே நிக்குது. பொருளாதார நியாயம்னா என்ன? பெரியவங்களுக்கு ஒரு சட்டம், சின்னவங்களுக்கு ஒரு சட்டம்னு இருக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே சட்டம். அதை எழுத வேண்டியவங்க எழுதிக் குடுத்துட்டா, நிறைவேத்த நாங்க ராப்பகலாத் தயாரா இருக்கோம்!”

கைதட்டல் ஓய்ந்ததும், மறு கட்சியைச் சேர்ந்த துணைத்தலைவி க்ளோரிண்டா வேன் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். “தலைவரும் நானும் எதிரெதிர்க் கட்சி. தெருவுல பார்த்தா முகம் கொடுத்துப் பேசமாட்டோம். ஆனா நேத்து ஆல்மெரிடா குடுத்த விருந்துல ரெண்டு பேரும் ஒரே மேசையிலதான் சாப்பிட்டோம். இந்த நாட்டுல ஒத்துமை இன்னும் சாகலைங்கறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்?”

பிறகு ஒரு பொருளாதார நிபுணர் இருபது நிமிஷம் பேசினார். நோயாளிகள் தூரம் போனால் நாட்டில் பெட்ரோல் விற்கும், டயர் தேயும், வழியில் சாப்பாட்டுக் கடை பிழைக்கும், ஆகவே தூரம் என்பது வளர்ச்சி என்று நிரூபித்தார். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததும் உதயசூரியன்தான்.

“அடுத்து, சாமானியர்களின் பிரதிநிதி!” என்றார் தலைவர்.

எல்வுட் பாதி எழுந்தார். “ஐயா, நான் வந்து… அவருக்காக எடம்…”

பிரின்லி குனிந்தபடி ஓடி வந்து காதில் சீறினார். “நாற்காலியைக் கூப்பிட்டா நாற்காலியில இருக்கறவங்க பேசியே ஆகணும் சார். பதில் இல்லைன்னு குறிப்புல ஏறினா என் வேலை போயிடும்!”

அதற்குள் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்வுட்டையும் அவர் கழுத்து அட்டையையும் உற்றுப் பார்த்தார். “வெஸ்டர்லேண்ட் வரலையா? ஆள் அனுப்பியிருக்காரா? அடடா, பிரமாதம்! போன வருஷம் ஆல்மெரிடா ஒரு சாமானியரைக் கூட்டிட்டு வந்தாங்க, சட்டையில இஸ்திரி மடிப்பு கலையல. ஒருத்தரும் நம்பல. இந்தத் தடவை பாருங்க, பூட்ஸ்ல சேறுகூட அசல் மாதிரியே இருக்கு!”

“கண்ணைப் பாருங்க, தூக்கமே இல்லாத மாதிரி என்ன செவப்பு! யாருங்க ஒப்பனை?” என்று கேட்டார் துணைத்தலைவி.

“நைட்டெல்லாம் பஸ்ல வந்தேம்மா” என்றார் எல்வுட்.

அவை சிரித்துக் கைதட்டியது. பச்சை விளக்கு எரிந்தது. எல்வுட் தண்ணீரைக் குடித்தார். இங்கே உட்காரத்தானே வந்தோம், பேசத்தானே வந்தோம் என்று திடீரென்று ஒரு துணிச்சல் பிறந்தது.

“என் பேரு எல்வுட் ஸ்டாம்பர். பைன் லிக்ல ஸ்கூல் பஸ் ஓட்டினேன். மழையானாலும் பனியானாலும் ஒரு புள்ளையைக்கூட பாதி வழியில இறக்கிவிட்டதில்ல. என் சம்சாரம் ஓபலுக்கு டயாலிசிஸ். நாலு மணி நேரம் அந்த நாற்காலியில இருந்துட்டு எழுந்தா, பிழிஞ்சு போட்ட துணி மாதிரி ஆயிடுவா. தன் செருப்பைத் தானே மாட்டிக்க முடியாது. நான்தான் மாட்டி விடறேன். நாலு மைல்ங்கறதால வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்துடறேன். இனிமே தொண்ணூத்தி நாலு மைல் போங்கறாங்க. ஜனவரியில பனி விழுந்தா அந்த ரோட்டை மூடிடுவாங்க ஐயா. ரோடு மூடினா அவ செத்துடுவா. அவ மட்டும் இல்ல, அந்தப் பதினொரு நாற்காலியில யாரெல்லாம் உக்கார்றாங்களோ அத்தனை பேரும்.”

மஞ்சள் எரிய வேண்டிய நேரம். விளக்குப் பொத்தானில் கை வைத்திருந்த ஊழியர், எல்வுட்டின் கழுத்திலிருந்த சூரியனைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

“எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது. அந்த நிலையத்தை மூடாதீங்க. பக்கத்துல இன்னொண்ணு இல்லாத ஊர்ல எதையும் மூடாதீங்க.”

தலைவர் பிரின்லியைக் கிட்டே கூப்பிட்டார். ஒலிவாங்கி திறந்தே இருந்ததால் ரகசியம் எல்லோருக்கும் கேட்டது.

“ஆல்மெரிடா இப்ப என்ன கேக்குது? மூடக் கூடாதுங்குதா?”

“அப்படித்தான் சார் சொன்னார்.”

“போன வாரம் மூடணும்னாங்களே?”

“அட்டை அவங்களோடதுதான் சார்.”

தலைவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆல்மெரிடாவிடம் ஏன் என்று கேட்கும் பழக்கம் அந்த மேடையில் யாருக்கும் இல்லை. முப்பது மைலுக்குள் வேறு நிலையம் இல்லாத ஊரில் எந்த நிலையத்தையும் மூடக் கூடாது என்று ஒரு திருத்தத்தை அங்கேயே சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அவர் முன்மொழிந்து முடிப்பதற்குள் துணைத்தலைவி வழிமொழிந்துவிட்டார், எங்கே ஆல்மெரிடா தன் பெயரைக் கவனிக்காமல் போய்விடுமோ என்று. ஒன்பது கைகளும் உயர்ந்தன. நாற்பது வினாடி. நாலு மாதம் பாட்டு கேட்டும் ஆகாத காரியம், நாற்பது வினாடியில் முடிந்தது.

எல்வுட் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. கேமராவைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம், ஊசி குத்திய கையோடு, ஓபல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சரியாக அப்போதுதான் பின்கதவு திறந்தது. சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளி முடி, கையில் காபிக் கோப்பை. “மன்னிக்கணும், மன்னிக்கணும். சிறு விவசாயிகளோட துயரத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நேரமாயிடுச்சு” என்று புன்னகையோடு வந்த கிரேஹாம் வெஸ்டர்லேண்ட், எல்வுட்டின் தோளை மெல்லத் தட்டினார். “ரொம்ப நன்றி. இனி நான் பார்த்துக்கறேன்.”

எல்வுட் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டார். வெஸ்டர்லேண்ட் உட்கார்ந்து, முன்னாலிருந்த திருத்தத்தைப் படித்தார். காபி கோட்டில் சிந்தியது. எழுந்து மேடைக்குப் போய்த் தலைவரின் காதில் என்னவோ சொன்னார். தலைவரின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

“கேமராவுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க” என்றார்.

திரையில் தேசியக் கொடி வந்து நின்றது.

“இவர் யாரு?” என்று எல்வுட்டைக் காட்டினார் தலைவர்.

“சாமானியர் சார்” என்றார் பிரின்லி, அழமாட்டாத குறையாக.

“சாமானியர்களோட பிரதிநிதி இல்லையா?”

“இல்ல சார். வெறும் சாமானியர்.”

“நிஜ சாமானியரைச் சாமானியர் நாற்காலியில உக்கார வெச்சது யாரு?” தலைவரின் குரல் நடுங்கியது. “நாப்பது வருஷப் பொதுவாழ்க்கையில இப்படி ஒரு மோசடியைப் பார்த்ததில்ல. ஆல்மெரிடாவோட ஆளுன்னு நம்பித்தானே மனசைத் திறந்து கேட்டோம்!”

“அப்ப அந்தச் சேறு… நிஜச் சேறா?” என்று துணைத்தலைவி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

எல்வுட்டுக்கு இப்போது பயம் போய்விட்டது. “ஐயா, நான் சொன்னதுல எது பொய்? ஒண்ணு சொல்லுங்க!”

“பொய்னு யாருங்க சொன்னது?” என்றார் தலைவர், பெரிய மனது பண்ணி. “ஒவ்வொரு சொல்லும் உண்மையாத்தான் இருக்கும். நீங்க சொன்னீங்க பாருங்க, அதுதான் தப்பு. இதையே மிஸ்டர் வெஸ்டர்லேண்ட் சொன்னா சாட்சியம். நீங்க சொன்னா புலம்பல். இந்தக் குழு புலம்பல் கேக்கறதில்ல.”

“அப்ப நாங்க எங்கதான் போய்ச் சொல்றது? யாருகிட்டதான் சொல்றது?”

“என்கிட்ட சொல்லலாம் சார், எப்ப வேணும்னாலும்” என்று வெஸ்டர்லேண்ட் எழுந்து கையை நீட்டினார். “உங்க சம்சாரத்தை நெனைச்சா எங்களுக்கு எவ்வளவு வருத்தமா இருக்கு தெரியுமா? அதுக்குன்னே பயண உதவி மையம் வெச்சிருக்கோம். போன் பண்ணுங்க.”

“பண்ணினேன். பாட்டுதான் வருது.”

“பாட்டு நல்லா இருக்கா? அதுக்குத் தனிக் குழுவே போட்டோம்” என்றார் வெஸ்டர்லேண்ட், உண்மையான அக்கறையோடு.

திருத்தம் நீக்கப்பட்டது. ஒன்பது கை, முப்பது வினாடி. எல்வுட் பேசியது குறிப்பிலிருந்து அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் ‘நாற்காலி தொடர்பான தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதப்பட்டது. காவலர்கள் மரியாதையாகவே அவரை வெளியே அழைத்துப் போனார்கள். கதவு சாத்தும்போது வெஸ்டர்லேண்டின் குரல் கேட்டது. “சாமானியர்கள் இன்னிக்கு எதை விரும்பறாங்க? பயணத்தை விரும்பறாங்க…”

கார்லைல் ஓர் உறையைக் கையில் திணித்தார். “நாற்காலியை நல்லா சூடா வெச்சிருந்தீங்கன்னு மிஸ்டர் வெஸ்டர்லேண்டே சொன்னார். நாளைக்கும் வர்றீங்களா?” எல்வுட் அட்டையைக் கழற்றி உறையோடு சேர்த்து அவர் கையிலேயே வைத்துவிட்டு நடந்தார்.

வாசலில் அடுத்த வரிசை தொடங்கிவிட்டது. மதியக் கூட்டம். ‘அரசாங்கத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை குறைவது ஏன்?’ என்பது பொருள். ரோவீனா முதல் ஆளாக முக்காலியில் இருந்தார்.

“உள்ள என்னப்பா நடக்குது? பதினேழு வருஷமா யாரையாவது கேக்கணும்னு இருந்தேன்.”

எல்வுட் சொன்னார். ரோவீனா சிரிக்கவில்லை. எழுந்து முக்காலியை அவரிடம் தள்ளினார். “உக்காரு. என் எடம்தான். சும்மா உக்காரு.”

உட்கார்ந்த மறு நிமிஷம் போன் அடித்தது. ஓபல்.

“எல்வுட்! பார்த்தேன்! எல்லாத்தையும் பார்த்தேன்! ஒன்பது பேரும் கையைத் தூக்கினாங்களே, ஐயோ! டார்லா அழுதே விட்டா. கல்யாணத்தன்னிக்குக்கூட வாயைத் திறக்காத மனுஷன் நீ, எங்கேருந்து வந்துச்சு இவ்வளவு பேச்சு? அப்புறம் கொடியைக் காட்டிட்டு நிறுத்திட்டான், போகட்டும், நாங்க பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு. டார்லா ஓடிப் போய் ஆப்பிள் அடுக்குக் கேக் வாங்கிட்டு வந்தா. எனக்கு நகத்தளவுதான் குடுத்தா, ராட்சசி. உனக்கு ஒரு பெரிய துண்டு எடுத்து வெச்சிருக்கேன்.”

பின்னால் பல குரல்கள். நாலாவது நாற்காலிக் கிழவர் ஹோபர்ட் கத்துவது நன்றாகவே கேட்டது. “எல்வுட், அடுத்த தேர்தல்ல மேயருக்கு நில்லுடா! என் ஓட்டு உனக்குத்தான்!”

“ஓபல்” என்றார் எல்வுட். “ஓபல், கேளு.”

சொன்னார். கொடிக்குப் பின்னால் நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். அதற்கே நாலு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. “நான் எடம் பிடிச்சு வெச்சிருந்தேன், அவ்வளவுதான் ஓபல்” என்று முடித்தார்.

அந்தப் பக்கம் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. யாரோ இன்னொரு துண்டு கேக் கேட்டு டார்லாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓபல் பேசியபோது குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. கையால் போனை மறைத்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது.

“இவங்க யார்கிட்டயும் இப்ப சொல்லல நான். ஊசி எடுக்கற வரைக்கும் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்.”

“சரி.”

“அடுத்த மாசத்துலேருந்து காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

எல்வுட் கணக்குப் போட வேண்டியதே இல்லை. நாலு மாதமாக அவருக்குத் தெரிந்த கணக்குதான். “மூணு மணிக்கு” என்றார்.

“அப்ப சாண்ட்விச்சை முதல் நாளே கட்டி வெச்சுடணும்” என்றாள் ஓபல்.